பெட்டகத்தில் கிடைத்த செப்புக் காசு: துலக்காமல் மதிப்பறிவது

செட்டிநாட்டு வீட்டில் சாமான் ஒதுக்கும்போது பெட்டகத்தின் அடியில் பழைய காலணாக்கள் கிடைத்தால், உடனே புளியைத் தேடாதீர்கள். பித்தளை அண்டாவுக்குப் புளி சரி. காசின் மேல்தோலை அது அரித்துவிடும். காலத்தால் ஏறிய பழுப்பு போய் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் காசைச் சேகரிப்பவர்கள் கையில்கூட வாங்க மாட்டார்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிசுக்குக்கு அசிட்டோன் என்ற கரைப்பான் போதும்; எளிதில் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். வெளிர்பச்சைத் தூள் திரும்பத் திரும்பப் பூத்தால் ஈரம்படாமல் தனியே வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் எதையும் போடாதீர்கள்; நாளடைவில் அதனாலேயே காசில் பச்சைப் பிசின் படியும்.

அடுத்து எடை. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். செப்புக் காலணா சுமார் 6.47 கிராம். 1906இல் வெண்கலத்துக்கு மாறியபோது 4.86 கிராமாகக் குறைந்தது. அந்த ஆண்டில் இரண்டு வகையும் உண்டு. எனவே 1906 காசை நிறுக்காமல் விலை பேசக்கூடாது. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா சுமார் 2 கிராம்தான். கோடிக்கணக்கில் அடித்தது, ஆகவே தேய்ந்தது என்றால் சில்லறை விலைதான். அதே ஆண்டுக் காசு தேய்மானமே இல்லாமல் இருந்தால் கதை வேறு.

ஐந்தாம் ஜார்ஜ் காலணாவில் 1911ஐத் தனியே எடுங்கள். அரசரின் அங்கியில் உள்ள யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912இல் உருவத்தைத் திருத்தினார்கள். பின்னாளைய காலணாக்களில் ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் பம்பாய் நாணய ஆலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. இதற்கு 10 மடங்கு லென்ஸ் தேவை.

கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன குடும்பங்களின் பெட்டியில் மலாயாவின் சதுரச் சென்ட் கிடைக்கும். பர்மாவில் நெடுங்காலம் புழங்கியது இந்தியக் காசே என்பதால், அங்கிருந்து வந்ததைப் பிரித்தறிவது கடினம்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்ட செப்புக் காசு கம்பெனி வெளியிட்டதே அல்ல. அதற்கு அரிசியைத் தன்பக்கம் இழுக்கும் அபூர்வ சக்தி உண்டு, கோடி பெறும் என்பவர் உங்கள் பணத்துக்குத்தான் குறிவைக்கிறார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பதும் மோசடிதான்; 2021இல் வங்கியே எச்சரித்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகுமுன் ஆண்டு, ஆலை, தேய்மானம் பார்த்துப் பிரித்துவிடுங்கள். குவியலாகக் கொட்டினால் குவியல் விலைதான் கிடைக்கும். நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது.