வாரண்டி முடிந்த கன்சோல் தானாக அணைந்தபோது

வாரண்டி முடிந்த கொஞ்ச நாளிலேயே, விளையாட்டின் நடுவில் என் வீடியோ கேம் கன்சோல் தானாக அணைய ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல் போர்டை மாற்றச் சொன்னார்கள். ஆத்திரமாக வந்தது. அணைவதற்கு முன் ஃபேன் ஓங்கி இரைந்ததால், சூடுதான் காரணம் என்று பட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுத்தேன். சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்த அதன் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதுப் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினேன். (சில மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். அதில் கை வைக்காதீர்கள்.)

இப்போது எவ்வளவு நேரம் விளையாடினாலும் அணைவதில்லை. தூசி தட்டவாவது எளிதாகத் திறக்கும்படி இந்தக் கன்சோலைக் கம்பெனி செய்திருக்கலாம்.