கூட்டம் நடத்தப் போறீங்களா? மாற்றுத்திறனாளிகளும் வந்து பேசற மாதிரி நடத்த என்னென்ன செய்யணும்

நான் போன ஒரு கூட்டம், மாற்றுத்திறனாளிகள் உரிமை பத்தினதுதான், பேச வந்தவர் வீல்சேர்ல வந்திருந்தாரு, மேடைக்கு ஆறு படி, ராம்ப் (வீல்சேர் ஏற சாய்வுப் பாதை) கிடையாது, கடைசியில நாலு பேர் சேரோட அவரைத் தூக்கி மேல வெச்சாங்க, எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறமா அவர்கிட்ட பேசுனப்போ சொன்னாரு, கீழ போட்டுருவாங்களோங்கிற பயத்துலயும் கூச்சத்துலயும் பேச நினைச்சு வந்ததுல பாதி மறந்தே போச்சுன்னு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, ஆனா இடம் பார்க்கப் போன அன்னிக்கு ஒருத்தர் கூட அந்த ஆறு படிய யோசிக்கல. அதனாலதான் இத எழுதுறேன், சங்கக் கூட்டமோ பெற்றோர் கூட்டமோ கருத்தரங்கமோ எதுவானாலும் இது பொருந்தும்.

முதல் வேலை, ஏற்பாடு செய்யற குழுவுலயே மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கணும். விருந்தாளியா இல்ல, முடிவு எடுக்கிற ஆளா. "எங்களை விட்டுட்டு எங்களைப் பத்தி எதுவும் வேணாம்"னு அவங்க இயக்கம் ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றதும் இதைத்தான். 2006 டிசம்பர் 13-ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோட 4-வது பிரிவும், அவங்களைப் பாதிக்கிற முடிவுகள்ல அவங்க அமைப்புகளைக் கலந்து பேசணும்னு அரசாங்கங்களுக்குச் சொல்லுது. அரசாங்கத்துக்கே அப்படின்னா நம்ம கூட்டத்துக்கு மட்டும் வேற நியாயமா? இடம் பார்க்கப் போகும்போது வீல்சேர்ல இருக்கிற ஒருத்தரும் பார்வை இல்லாத ஒருத்தரும் கூட வந்தாங்கன்னா, நாம பத்து தடவை போனாலும் கண்ணுல படாதது அவங்களுக்கு பத்தே நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அடுத்தது பதிவு ஃபார்ம். "உங்களுக்கு என்ன குறைபாடு"ன்னு கேக்காதீங்க, சர்டிஃபிகேட்டும் கேக்காதீங்க. "நீங்க முழுசா கலந்துக்க நாங்க என்ன ஏற்பாடு செய்யணும்?" இந்த ஒரு கேள்வி போதும், கீழ பதில் எழுத இடம் விட்டு, போன் நம்பரும் குடுங்க. சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கறதுக்கெல்லாம் நாள் ஆகும், அதனால இந்த ஃபார்ம் சில வாரம் முன்னாடியே போயாகணும்.

இப்ப இடம். எல்லாரும் தப்பு பண்றது இங்கதான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். அளக்கற டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ராம்ப்போட சரிவு 1-க்கு 12ங்கிறது பரவலா வெச்சிருக்கிற அளவு, அதாவது 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீள ராம்ப், ரெண்டு படின்னா அதுல இரட்டிப்பு. ஒரு பலகையை படி மேல சாச்சு வெச்சுட்டு ராம்ப் இருக்குன்னு சொன்னீங்கன்னா வீல்சேர் பின்பக்கமா கவுந்துடும், அது ராம்ப் இல்ல, ஆபத்து. கதவைத் தொறந்தா வழி குறைஞ்சது 80 சென்டிமீட்டராவது இருக்கணும், 90 இருந்தா நல்லது. வீல்சேர் ஒரு முழு சுத்து திரும்ப சுமார் 150 சென்டிமீட்டர் இடம் வேணும், டாய்லெட் உள்ளயும் அதே கணக்குதான். டாய்லெட்டைப் பார்க்காம எந்த இடத்தையும் புக் பண்ணாதீங்க, டாய்லெட் போக முடியாதுன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்காம கூட்டத்துக்கு வர்றவங்க இருக்காங்க, இது எவ்வளவு பெரிய கொடுமைன்னு நமக்குப் புரியறதே இல்ல. அப்புறம் மேடை. வாசல்ல ராம்ப் போட்டுட்டு மேடைக்குப் போடலைன்னா, நீங்க கேக்க மட்டும் வாங்க பேச வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடுது. உயரமான மேடையே இல்லாம எல்லாரும் சமதரையில உக்காந்து நடத்துறது இன்னும் சுலபம். தீ பிடிச்சா லிஃப்ட் உபயோகிக்கக் கூடாது, அப்ப மாடியில இருக்கிற வீல்சேர்க்காரரை யாரு எப்படி வெளிய கொண்டு வர்றதுன்னு அவர்கிட்டயே முன்னாடி பேசி வெச்சுக்கோங்க, முடிஞ்ச வரைக்கும் தரைத்தளமே பாருங்க.

காது கேளாதவங்களுக்கு சைகை மொழிபெயர்ப்பாளர் வெச்சா ரெண்டு பேரா வைங்க, தொடர்ந்து செஞ்சா கையும் மூளையும் சோர்ந்துடும், அதனால சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்திக்குவாங்க. சைகை மொழி உலகம் பூரா ஒண்ணு இல்ல, நூத்துக்கணக்குல இருக்கு, வர்றவங்களுக்கு எந்த சைகை மொழின்னு கேட்டுக்கோங்க. மொழிபெயர்ப்பாளர் மேல வெளிச்சம் விழணும், ஸ்லைடு போடறோம்னு லைட்டை மொத்தமா அணைச்சுட்டா அவங்களுக்குக் கூட்டமே முடிஞ்சு போச்சு. அதே நேரம் காது கேளாத எல்லாருக்கும் சைகை மொழி தெரியாது, சிலருக்கு பேசறது எழுத்தா திரையில (கேப்ஷன்) ஓடணும், சிலருக்கு மைக் சத்தம் தெளிவா வந்தாலே போதும், அதனால "என் குரல் பெருசு, மைக் வேணாம்"னு யாரையும் பேச விடாதீங்க.

பார்வை இல்லாதவங்களுக்கு நிகழ்ச்சி நிரலை முன்னாடியே ஃபைலா அனுப்புங்க. பேப்பரை போட்டோ புடிச்சு பிடிஎஃப் ஆக்கி அனுப்புனா அது வெறும் படம், திரையில இருக்கிற எழுத்தை சத்தமா படிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் சாஃப்ட்வேர் அதை அப்படியே வாசிக்காது, டைப் பண்ண எழுத்தா இருக்கணும். பேசறவங்களும் "இதோ இந்தப் படத்துல பாருங்க"ன்னு விட்டுடாம அதுல என்ன இருக்குன்னு வாயால சொல்லணும், பேசறதுக்கு முன்னாடி தன் பேரையும் சொல்லணும். பிரெய்ல் (விரலால தொட்டுப் படிக்கிற புள்ளி எழுத்து) கேட்டா குடுங்க, எல்லாரும் அது படிக்கறதில்ல.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநலப் பிரச்சனை இதெல்லாம் வெளியில தெரியாது, அதனாலயே விட்டுப் போகும். சின்னச் சின்ன வாக்கியத்துல ஒரு பக்கக் குறிப்பு, நடுவுல இடைவேளை, சத்தமில்லாம போய் உக்கார ஒரு ரூம், மினுக்கு லைட் கூடவே கூடாது.

பழகுறதுல ஒண்ணுதான், கேட்டுட்டு உதவுங்க. வீல்சேரை சொல்லாம தள்ளாதீங்க, வெள்ளைக்கோல் வெச்சிருக்கிறவர் கையைப் புடிச்சு இழுக்காதீங்க, உங்க முழங்கையை நீட்டுனா அவரே புடிச்சுக்குவாரு. கேள்வியை கூட வந்தவர்கிட்ட இல்ல, அவர்கிட்டயே கேளுங்க.

"அப்படி யாரும் வர்றதே இல்லையே, எதுக்கு இவ்வளவு செலவு"ன்னு குழுவுல ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு. படி இருக்கிற இடத்துக்கு எப்படி வருவாங்கன்னு அவர்கிட்ட பொறுமையா கேளுங்க. அதே உடன்படிக்கையோட 2-வது பிரிவு, அளவுக்கு மீறின சுமை இல்லாத நியாயமான ஏற்பாட்டை மறுக்கறதே பாகுபாடுதான்னு சொல்லுது. அதனால செலவுக்கணக்கு போடற முதல் நாளே இதுக்குன்னு ஒரு தொகை ஒதுக்கி வைங்க.

எல்லாம் செஞ்சும் ஏதோ ஒண்ணு முடியாமப் போகலாம், மொழிபெயர்ப்பாளர் கிடைக்கல, லிஃப்ட் ரிப்பேர் ஆயிடுச்சுன்னு. அப்ப மூடி மறைக்காம, யாரு கேட்டாங்களோ அவங்களுக்கு, காது கேளாதவங்கன்னா மெசேஜ்லயும் மத்தவங்களுக்கு போன்லயும், அவங்க வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.