கானாவின் கோகோ புரத வரிசையை ஃபாவோஸ்டாட்டில் எடுத்து வரைவது எப்படி?

கானாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கோகோப் பொருள்களிலிருந்து எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது என்ற கணக்கை, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் (ஃபாவோ) தரவுத் தளமான ஃபாவோஸ்டாட்டிலிருந்து 1961 முதல் ஆண்டுவாரியாக எடுக்கலாம். தரவை இறக்குவது எளிய வேலை. ஆனால், இந்த எண் கானா மக்களின் தட்டில் அளந்து எடுத்தது அன்று. விளைச்சலிலிருந்து ஏற்றுமதியையும் பிறவற்றையும் கழித்தபின் எஞ்சுவதை வைத்துக் கணக்கிட்டது. இதை மனத்தில் கொள்ளாமல் வரைபடம் போட்டால், ஏற்றுமதிக் கணக்கின் ஏற்ற இறக்கத்தை உணவுப் பழக்கத்தின் மாற்றம் என்று எழுதிவிட நேரும்.

படி 1: சரியான கோப்பு

தளத்தின் ‘ஃபுட் பேலன்சஸ்’ (உணவு வரவு செலவுக் கணக்கு) பிரிவில் இரண்டு தரவுத்தொகுப்புகள் இருக்கும். பழைய முறையில் கணக்கிட்டது 1961 முதல் 2013 வரை. புதிய முறையில் கணக்கிட்டது 2010 முதல். இரண்டும் தேவை. நாடு கானா (ஃபாவோ குறியீடு 81), பொருள் ‘கோகோ விதையும் பொருள்களும்’ (2633), கூறு ஒருவருக்கு ஒரு நாளைய புரதம் (674). கூடவே ஒருவருக்கு ஓராண்டு உணவு அளவு (645), உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, இருப்பு மாற்றம், உள்நாட்டு வழங்கல் ஆகியவற்றையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளுங்கள். புரதப் பத்தியை மட்டும் எடுத்துவந்தால், பிறகு சந்தேகம் எழும்போது சரிபார்க்க வழியிருக்காது.

படி 2: திறப்பது

இறக்கிய சிஎஸ்வி (காற்புள்ளியால் பத்திகள் பிரிந்த) கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறப்பதைவிட, லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில், எழுத்துகள் சிதையாதபடி யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்து திறப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஐம்பது, அறுபது வரிகளுக்குப் பைத்தானோ ஆர் என்ற நிரல்மொழியோ கற்றாக வேண்டியதில்லை. பல நாடுகளை ஒப்பிடும்போதுதான் அவை பயன்படும்.

படி 3: இரு வரிசைகளும் சேரும் இடம்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். 2013 வரை பழைய வரிசையையும் 2014 முதல் புதியதையும் ஒட்டிவிட்டால், நடுவில் தோன்றும் ஏற்றமோ இறக்கமோ கானாவில் நிகழ்ந்ததா, ரோமிலுள்ள ஃபாவோ தலைமையகத்தில் கணக்கு முறை மாறியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. புதிய முறையில் மக்கள்தொகை மதிப்பீடு மாறியது. இருப்பைக் கணிக்கும் விதம் மாறியது. வரவும் செலவும் பொருந்தாதபோது அந்த இடைவெளியைப் பங்கிடும் விதமும் மாறியது. கோதுமை போன்று பெரும்பகுதி உள்நாட்டிலேயே உண்ணப்படும் பொருளில் இம்மாற்றங்கள் சிறு அசைவையே தரும். விளைவதில் பெரும்பகுதி கப்பலேறிவிடும் கோகோவில், எஞ்சும் சிறு துண்டின் மீது அத்தனை பிழையும் வந்து விழுகிறது.

அது எவ்வளவு என்று ஒரு கணக்கால் பார்ப்போம். கானாவில் 8 லட்சம் டன் விளையும் ஓராண்டை எடுத்துக்கொள்வோம். அதில் 1 விழுக்காடு 8,000 டன். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.08 கோடி, ஆகவே ஒருவருக்கு ஏறத்தாழ 260 கிராம் விதை. விதையில் புரதம் 12 விழுக்காடு என்று கொண்டால் ஆண்டுக்கு 31 கிராம், நாளுக்கு 0.085 கிராம். ஏற்றுமதிப் பதிவில் நேரும் ஒரு விழுக்காட்டுப் பிசகே புரத எண்ணை இந்த அளவுக்கு நகர்த்திவிடும். எதிர்த்திசையிலும் இதைப் பயன்படுத்தலாம்: ஓராண்டில் நாளுக்கு 1 கிராம் என்று கோப்பு காட்டினால், தலைக்கு 3 கிலோ வீதம் 90,000 டன்னுக்கு மேல் உள்நாட்டில் உண்ணப்பட்டது என்று பொருள். அது நம்பத்தக்கதா என்று கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

எனவே 2010 முதல் 2013 வரையிலான நான்கு ஆண்டுகளை இரு கோப்புகளிலிருந்தும் எடுத்து அருகருகே வையுங்கள். விகிதம் கண்டுபிடித்துப் பழைய வரிசையை உயர்த்தியோ தாழ்த்தியோ புதியதோடு இணைப்பது சிலர் வழக்கம். பூஜ்யத்தை ஒட்டிய எண்களில் அந்த விகிதத்துக்குப் பொருளில்லை என்பதால் நான் அதை ஏற்பதில்லை. இரண்டையும் தனித்தனிக் கோடுகளாக வரைந்து, மேற்படியும் ஆண்டுகளை அப்படியே தெரியவிடுவதே நேர்மையான படம்.

இருப்பு மாற்றத்தின் கூட்டல் கழித்தல் குறியையும் ஊகிக்க வேண்டாம். உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, வரும் விடையை உள்நாட்டு வழங்கலோடு ஒப்பிட்டால், அந்தக் கோப்பில் எந்தக் குறி இருப்பைக் கூட்டுகிறது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு கோப்பிலும் இதைத் தனியாகச் செய்யுங்கள்.

படி 4: வரலாற்றோடு பொருத்துவது

புரதக் கோட்டுக்குக் கீழே உற்பத்திக் கோட்டையும் வரையுங்கள். 1960களின் நடுவில் ஐந்தரை லட்சம் டன்னைத் தாண்டிய கானாவின் விளைச்சல், 1983இன் வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் பின் 1983/84 பருவத்தில் ஏறத்தாழ 1.59 லட்சம் டன்னாக விழுந்தது; 2010/11இல் 10 லட்சத்தைக் கடந்தது; 2023/24இல் மீண்டும் வெகுவாகச் சரிந்தது. மரங்களைத் தாக்கும் தண்டு வீக்க நச்சுயிரி, கோகோ நிலத்தை விழுங்கும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள், எல்லை தாண்டிய கடத்தல் ஆகியவை இந்தச் சரிவோடு சேர்த்துப் பேசப்படுபவை. கடத்தல் நம் கணக்கை நேரடியாகத் தொடுகிறது. கோத் திவ்வாருக்கோ டோகோவுக்கோ பதிவில்லாமல் போகும் மூட்டை, விளைச்சலில் எண்ணப்பட்டிருந்தால், கானா மக்கள் உண்டதாகவே கணக்கில் நிற்கும்; விளைச்சலிலும் எண்ணப்படாவிட்டால் தடமே இருக்காது.

இன்னொன்று: கானாவின் கோகோ வாரியமான கோகோபோட் ஓராண்டின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடியும் பருவத்தைக் (2010/11 போல) கொண்டு எண்ணுகிறது, ஃபாவோ கோப்பில் இருப்பது ஒற்றை ஆண்டு. ஒரே எண்ணை இரண்டிலும் தேடாதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர் கேள்விகளுக்குப் பின்

வணிகத் தரவிலிருந்து தாமே சரிபார்க்க முயன்ற ஒருவர், சர்வதேச கோகோ அமைப்பின் மாற்று எண்களைக் கொண்டு வெண்ணெய், விழுது, தூள் எல்லாவற்றையும் விதைக் கணக்குக்கு மாற்றிக் கழித்தபோது, புரதம் பூஜ்யத்துக்குக் கீழே போனதாக எழுதியிருந்தார். அந்த எண்கள் வெண்ணெய்க்கு 1.33, விழுதுக்கு 1.25, தூளுக்கும் பிண்ணாக்குக்கும் 1.18. அவை விதையின் அளவை மதிப்பிடுவதற்கானவை. புரதத்தைப் பின்தொடர உதவா. எள்ளைச் செக்கில் ஆட்டினால் புரதம் பிண்ணாக்கில் தங்குவதுபோல, கோகோவிலும் வெண்ணெய் புரதமின்றிப் பிரிய, தூளில் நூற்றுக்கு இருபது கிராம் அளவுக்குப் புரதம் சேர்கிறது. வெண்ணெய் ஏற்றுமதியைப் புரதக் கணக்கில் கழிக்கவே கூடாது. விதை, விழுது, தூள், பிண்ணாக்கு ஆகியவற்றை மட்டும் அவற்றின் சொந்தப் புரத அளவால் பெருக்கிக் கழியுங்கள்.

கோத் திவ்வாரோடு ஒப்பிட்ட மற்றொருவருக்கு அந்த நாட்டின் வரிகளே தேடலில் அகப்படவில்லை. பெயரிலுள்ள கூரைக்குறி எழுத்து (ô) சிதைந்திருந்ததே காரணம். பெயரை விட்டு 107 என்ற குறியீட்டைக் கொண்டு வடிகட்டினால் வரிகள் கிடைத்துவிடும். எம்49 என்ற ஐ.நா. நாட்டுக் குறியீட்டைப் பயன்படுத்துவோர், கோப்பில் அந்த எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி ஒட்டியிருப்பதை முதலில் நீக்கிவிட வேண்டும்.