கீமோ முடிந்து வீட்டுக்கு வந்ததும்: குமட்டலைச் சமாளிக்கும் வழி, படிப்படியாக

கீமோ என்கிற புற்றுநோய் மருந்தை டே கேர் வார்டில் காலையில் ட்ரிப்ஸாக ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் நான்கைந்து நாட்களை நோயாளியும், கூட இருக்கிற மகளோ கணவரோதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் முறை பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். அதை வீட்டில் எப்படிச் சரியாக நடத்துவது என்பது மட்டும் இங்கே.

படி 1: மருந்துச் சீட்டைப் புரிந்துகொண்டு கிளம்புங்கள்

சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலையும் இரவும். எஸ்.ஓ.எஸ். என்றிருந்தால் தேவைப்பட்டால் மட்டும். எந்த மாத்திரை நேரத்துக்குக் கட்டாயம், எது குமட்டினால் மட்டும் என்று நர்ஸிடம் கேட்டு, அட்டையின் மேலேயே பேனாவால் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி என்ன ஆனாலும் கூப்பிட ஒரு நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் நாள் நன்றாக இருக்கிறாரே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

கீமோ மருந்து குடலில் உள்ள செல்களை உசுப்பி செரோட்டோனின் என்ற ரசாயனத்தை வெளியே விடவைக்கிறது. அந்தச் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போய் வாந்தி வருகிறது. முதல் 24 மணி நேரத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை தடுப்பது இதைத்தான். அதற்கடுத்த நாட்களில் வரும் குமட்டலில் வேறொரு ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குத்தான் அப்ரெபிடன்ட் என்ற கேப்ஸ்யூல். வழக்கமாக முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரண்டு நாட்கள் 80 மி.கி. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் குமட்டல் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் இட்லி சாப்பிட்டார், நடந்தார், இனி எதற்கு இத்தனை மாத்திரை என்று நிறுத்திய வீடுகளில்தான் மூன்றாம் நாள் படாத பாடு படுகிறார்கள். வாந்தி தொடங்கிவிட்டால் அடக்குவது கஷ்டம். வருமுன் தடுப்பது சுலபம்.

சீட்டில் ஓலான்சபின் இருந்தால் பயப்படாதீர்கள். இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாயிற்றே என்று மெடிக்கல் ஷாப்பிலோ சொந்தக்காரரோ சொல்லக்கூடும். அதற்கும் கொடுப்பார்கள், கீமோ குமட்டலுக்கும் கொடுப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும். தூக்கம் வரும் என்பதால் ராத்திரியில் கொடுங்கள். நடுராத்திரி பாத்ரூம் போகும்போது கூடவே எழுந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு கொடுப்பது நல்லது. சாயங்காலம் போட்டால் தூக்கம் கெடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

படி 3: அடுப்படியை மாற்றுங்கள்

வாசனைதான் முதல் எதிரி. வெங்காயம் வதக்குகிற வாசனை, கருவாடு, கொதிக்கிற எண்ணெய் எதுவும் அவர் மூக்குக்குப் போகக்கூடாது. அவர் மாடியிலோ வாசலிலோ இருக்கும்போது தாளிப்பை முடித்துவிடுங்கள். சாப்பாட்டை ஆவி பறக்கக் கொடுக்காமல் ஆறவைத்துக் கொடுங்கள். ஆறினால் வாசனை அடங்கிவிடும்.

தட்டு நிறைய வைத்து, சாப்பிடு சாப்பிடு என்று நிற்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை இட்லி, நாலு வாய் ரசம் சாதம், அரை டம்ளர் கஞ்சி. வெறும் வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும். வாயில் புண் இல்லாதவருக்கு எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தொட்டுவைத்தால் சாப்பாடு இறங்கும். கீமோ அன்று அவருக்கு ரொம்பப் பிடித்ததைச் சமைக்காதீர்கள். அன்று வாந்தி எடுத்தால் அந்தச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

இஞ்சித் தேநீர் சிலருக்கு ஆறுதல் தரும், கொடுக்கலாம். ஆனால் லேகியம், சூரணம், மூலிகைக் கேப்ஸ்யூல் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

படி 4: வாந்தி வந்தேவிட்டால்

உடனே தண்ணீரை ஊற்றாதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, அரை மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். பாக்கெட்டின் மேல் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். போட்ட மாத்திரை வாந்தியோடு வந்துவிட்டால், இன்னொன்று கொடுக்கலாமா என்று போன் செய்து கேளுங்கள்.

முதல் 48 மணி நேரம் வாந்தியிலும் சிறுநீரிலும் கீமோ மருந்து கலந்திருக்கும். சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஒரு நாள் முழுக்க எதுவுமே தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகிவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. நீர் வற்றிப்போனால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

படி 5: மற்ற தொந்தரவுகள்

ஒன்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும், மலச்சிக்கலால் குமட்டல் கூடும். மூன்று நாள் போகவில்லை என்றால் சொல்லுங்கள். வீட்டில் எனிமா வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு போட்டு, நாளுக்கு நாலைந்து முறை கொப்பளிக்கலாம். ஐஸ் சப்பினால் குமட்டல் அடங்கும் என்று யாராவது சொல்வார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். குளிர்ச்சி பட்டாலே அவர்களுக்குத் தொண்டையும் விரலும் மரத்து, ஊசி குத்துவது போலிருக்கும்.

படி 6: காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

தெர்மாமீட்டர் வீட்டில் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். பொதுவாகக் கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்தச் சமயத்தில் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வண்டி இல்லையென்றால் 108.

படி 7: நோட்டில் எழுதுங்கள்

தேதி, எத்தனை முறை வாந்தி, எந்த வேளை, என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை, மலம் போனதா. நாளுக்கு ஒரு வரி போதும். டாக்டர் எப்படி இருந்தது என்று கேட்டால் நம் பெரியவர்கள் பரவாயில்லை டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பரவாயில்லை என்றால் அடுத்த முறை கீமோவுக்கும் அதே மாத்திரைதான் வரும். நோட்டைக் காட்டினால் மருந்தை மாற்றவோ கூட்டவோ அவருக்கு வழி இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே குமட்ட ஆரம்பிக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். அதற்கும் மாத்திரை உண்டு. கீமோவுக்கு முந்தின ராத்திரியே போடச் சொல்வார்கள்.