கஞ்சா கம்மி (gummy, மெல்லும் மிட்டாய்), பிரவுனி, சாக்லேட்: இரண்டாவது துண்டைத் தொடுவதற்கு முன்

"ஒன்றுமே ஆகலையே, இன்னொன்று எடுத்துக்கலாமா?" கஞ்சா சேர்த்த தின்பண்டம் சாப்பிட்டு ஆஸ்பத்திரி வரை போனவர்களின் கதை பெரும்பாலும் இந்த வரியில்தான் தொடங்குகிறது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அதேதான். இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி கடிகாரத்தைப் பற்றியது, மீதி லேபிளைப் பற்றியது.

இது சட்டம் அனுமதிக்கிற இடத்தில் இருக்கும் வயது வந்தவர்களுக்காக எழுதியது. தடை உள்ள இடத்தில் வழக்கு, சிறை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், கையில் கிடைக்கிற பொருளில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது, அதனால் கீழே வரும் அளவுக் கணக்கு எதுவும் அங்கே செல்லாது. சட்டப்படி வாங்கினதாக இருந்தாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். கனடாவில் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதையே பெட்டியில் போட்டு வெளிநாட்டு விமானம் ஏறினால் குற்றம்.

புகைக்கு ஒரு கணக்கு, வயிற்றுக்கு வேறு கணக்கு

புகைத்தால் கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. நுரையீரல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போய் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். சாப்பிட்டால் அது வயிறு, குடல், கல்லீரல் என்று சுற்றிக்கொண்டு வருகிறது. கல்லீரல் அதில் ஒரு பங்கை 11-ஹைட்ராக்சி-டி.எச்.சி. என்று வேறொன்றாக மாற்றுகிறது, இது மூளைக்குள் இன்னும் சுலபமாக நுழையும். வருடக்கணக்கில் புகைத்துப் பழகியவர்கள்கூட "இது வேற மாதிரி இருக்கு" என்று மிரள்வது இதனால்தான்.

நேரக் கணக்கு இப்படி. ஏற ஆரம்பிக்க 30 நிமிடம் முதல் 2 மணி நேரம். உச்சத்துக்குப் போக 2 முதல் 4 மணி நேரம். மொத்தம் 6 முதல் 8 மணி நேரம், சிலருக்கு 12 வரைக்கும் இழுக்கும், மறுநாள் காலை தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மந்தம் மிஞ்சினாலும் ஆச்சரியமில்லை. வெறும் வயிறாக இருந்தால் சீக்கிரம் ஏறும். எண்ணெய், வெண்ணெய் தூக்கலான சாப்பாட்டுக்கு மேல் போட்டால் தாமதமாக ஏறும், ஆனால் டி.எச்.சி. கொழுப்பில் கரைவதால் உடம்பில் சேருவது அதிகமாகும். பானங்களில் சில, கால் மணி அரை மணியிலேயே வேலை காட்டும்படி தயாரிக்கப்படுகின்றன. ஆக, நேற்று குடித்த பானத்தின் நேரத்தை வைத்து இன்றைக்குச் சாப்பிடும் குக்கியை அளக்காதீர்கள்.

2014 மார்ச்சில், அமெரிக்காவின் கொலராடோவில் கஞ்சாவின் கடை விற்பனை தொடங்கிய சில மாதங்களில் நடந்தது இது. 19 வயது இளைஞர் ஒருவர் கஞ்சா குக்கி சாப்பிட்டார். அந்த ஒரே குக்கியில் இருந்தது 65 மில்லிகிராம் டி.எச்.சி., ஒரு வேளைக்கு 10 என்று வைத்தால் ஆறரை வேளைக்கான அளவு. கடைக்காரர் சொன்னபடி முதலில் ஒரு துண்டுதான் தின்றார். அரை மணி, ஒரு மணி நேரம் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. மிச்சத்தை மொத்தமாகத் தின்றார். முதல் துண்டுக்கு மூன்றரை மணி நேரம் கழித்து நான்காவது மாடி பால்கனியிலிருந்து குதித்து இறந்துபோனார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவர் சின்னத் துண்டில்தான் ஆரம்பித்தார், சொன்னதைக் கேட்டார், காத்திருந்தும் பார்த்தார், காத்திருந்தது போதவில்லை.

லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது?

முதல் தடவை என்றால் 2.5 மில்லிகிராம் டி.எச்.சி. போதும், அதற்குக் கீழே இருந்தாலும் தப்பில்லை. பக்கத்தில் இருக்கும் அனுபவசாலி "இதெல்லாம் கொசுவுக்குப் போடுற அளவு" என்று சிரிப்பார், சிரிக்கட்டும். கனடாவில் ஒரு முழு பாக்கெட்டுக்கே 10 மி.கி.தான் உச்ச வரம்பு. கொலராடோவில் ஒரு வேளைக்கு 10, பாக்கெட்டுக்கு 100. இதில்தான் குழப்பம் வருகிறது: பாக்கெட்டின் முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் ஒரு துண்டுக்கா, மொத்தத்துக்கா என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். 100 என்று போட்டு உள்ளே பத்து கம்மி இருந்தால் ஒன்றுக்கு 10. அப்படியானால் உங்கள் முதல் வேளை ஒரு கம்மியில் கால்வாசி.

கால்வாசியை எப்படி வெட்டுவது? கம்மி கத்தியில் ஒட்டும், இழுபடும், கையால் பிய்த்தால் ஒரு பக்கம் பெரிதாக வந்துவிடும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு, பலகையில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள், முதலில் இரண்டு, அப்புறம் நான்கு. மீதி மூன்று துண்டையும் உடனே பாக்கெட்டுக்குள் போட்டு மூடி, எழுந்துபோய் எடுக்கவேண்டிய தூரத்தில் வையுங்கள். மேசையிலேயே கிடந்தால் பேச்சுவாக்கில் கை போய்விடும். இன்னொன்று, வெட்டிய துண்டுகள் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உள்ளே சமமாகக் கலந்திருக்கும் என்று உறுதியில்லை, அதனால் 2.5 அளவிலேயே தனித்தனித் துண்டாக வருவது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வீட்டில் செய்தது பற்றிக் கேட்டால் என் பதில் கொஞ்சம் கறாராக இருக்கும்: முதல் தடவைக்காரர்கள் தொடவே வேண்டாம். பச்சை இலையிலும் பூவிலும் பெரும்பாலும் இருப்பது போதை தராத அமில வடிவம், சூடு பட்டபின்தான் அது டி.எச்.சி. ஆகிறது. எவ்வளவு மாறியது, வெண்ணெயில் எவ்வளவு இறங்கியது, மாவில் எந்த மூலையில் போய்த் தேங்கியது என்பதெல்லாம் செய்தவருக்கும் குத்துமதிப்புதான். ஒரே தட்டில் ஒருவருக்கு வெறும் கேக், அடுத்தவருக்கு அடுத்த நாள் வரை தலை நிமிராத கேக். மற்றபடி, சாப்பிடுபவருக்குச் சொல்லாமல் கொடுப்பதை விளையாட்டு என்று நினைத்தால் மன்னிக்கவும், அது ஒருவருக்கு மயக்கமருந்து கொடுப்பதுதான்.

நன்மை என்று சொல்வதில் எது நிஜம்

புகை இல்லை, அதனால் நுரையீரலுக்குத் தொல்லை இல்லை. இதன் விளைவு நீண்ட நேரம் நிற்பதால் இரவெல்லாம் வலியோடு புரள்பவர்களுக்கு நடுவில் எழுந்து மறுபடி எடுக்க வேண்டிய அவசியம் குறையலாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் 2017இல் வெளியிட்ட பெரிய ஆய்வுத் தொகுப்பு, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல் வாந்தி, மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்கள் சொல்லும் தசை இறுக்கம், இந்த மூன்றுக்கும் கணிசமான ஆதாரம் இருக்கிறது என்றது. மாத்திரை வடிவ டி.எச்.சி.யான டிரோனபினால் 1985லேயே அங்கே அனுமதி பெற்றது. சில அரிய வகை வலிப்பு நோய்களுக்குச் சுத்திகரித்த சி.பி.டி. (கஞ்சாவிலேயே உள்ள, போதை தராத பொருள்) மருந்து 2018இல் வந்தது. இவையெல்லாம் மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பவை, கடைக் கம்மியை இவற்றோடு சேர்த்துப் பேசினால் விற்பவருக்குத்தான் லாபம்.

தூக்கத்துக்கு, பதற்றத்துக்கு என்று வாங்குபவர்கள் அதிகம். கொஞ்சமாக எடுத்தால் மனம் தளர்கிறது என்கிறார்கள். அளவு கூடினால் அதே பொருள் படபடப்பையும் பயத்தையும் கிளப்பும். தினமும் எடுத்துத் தூங்கிப் பழகியவர்கள் நிறுத்தியதும் சில நாள் தூக்கம் கெட்டு, கனவுகள் பயங்கரமாக வரும்.

யார் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் (தாய்ப்பாலில் போகும்), மூளை வளர்ச்சி முடியாத இளவயதினர், இதய நோய் உள்ளவர்கள், தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இருப்பவர்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), குளோபசாம் (வலிப்பு மருந்து), தூக்க மாத்திரை, ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ வாய்திறந்து கேட்டுவிடுங்கள். வயதானவர்களுக்கு இன்னும் குறைவான அளவு, ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவதுதான் அங்கே பெரிய ஆபத்து.

சாப்பிடும் நாள்

மறுநாள் விடுமுறையாக இருக்கட்டும். வீட்டில் இருங்கள், தெளிவோடு இருக்கும் ஒருவர் கூட இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு முன் மிதமாக ஏதாவது சாப்பிட்டிருங்கள். மது வேண்டாம், ஒரு பீர்கூட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தலைசுற்றலும் வாந்தியும் பல மடங்காகும். சாப்பிட்ட நேரத்தையும் அளவையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். "9:10, 2.5" என்று எழுதினால் போதும். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் ஏறிய பிறகு பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும், அப்போது உங்கள் ஞாபகத்தைவிட அந்தத் தாளை நம்பலாம். அன்றைக்கு வண்டிச் சாவியைக் கூட இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்து தலை முழுசாகத் தெளியும்வரை ஓட்டாதீர்கள்.

அதிகமாகிவிட்டால்? இதயம் அடித்துக்கொள்ளும், வாய் வறளும், செத்துவிடுவோமோ என்று தோன்றும். விளக்கைக் குறைத்து, ஒருக்களித்துப் படுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஏறியது சில மணி நேரத்தில் இறங்கும். கூட இருப்பவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லட்டும், தாளில் எழுதிய நேரத்தைக் காட்டட்டும். காபி வேண்டாம், படபடப்பு கூடும். பச்சைத் தண்ணீரில் குளிக்க வைக்காதீர்கள், கால் தடுமாறி விழுவார். மிளகை மோந்தால் தெளியும் என்பார்கள், மோந்து பாருங்கள், அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வலிப்பு, கூப்பிட்டால் பதில் இல்லாத நிலை, நிற்காத வாந்தி, தன்னையோ பிறரையோ காயப்படுத்துவார் போன்ற நிலை, இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸ். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழந்தை சாப்பிட்டுவிட்டது என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்கு, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இவற்றைத் தின்றதாக 2017இல் வந்த தகவல்கள் 207, 2021இல் 3,054. குழந்தைக்கு அது மிட்டாய், அவ்வளவுதான். அசல் பாக்கெட்டிலேயே, பூட்டிய பெட்டியில், மற்றத் தின்பண்டங்களோடு கலக்காமல் வையுங்கள். நாய்க்கும் எட்டக்கூடாது.

வேலையில் சிறுநீர்ப் பரிசோதனை உண்டென்றால், ஒரு தடவை எடுத்ததே சில நாள் காட்டும், வழக்கமாக எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கில். நீண்ட காலம் அடிக்கடி எடுப்பவர்களில் சிலருக்கு விடாத வாந்தி நோய் வரும், வெந்நீரில் நின்றால் மட்டும் தணியும். அப்படி ஆனால் முழுசாக நிறுத்துவதுதான் வழி. முதல் இரவு 2.5இல் ஒன்றும் தெரியவில்லை என்றால் பேசாமல் தூங்கப் போங்கள். சில நாள் கழித்து 5 எடுத்துப் பார்க்கலாம், புதுத் தாளில் நேரம் எழுதிக்கொண்டு.