காது கேளாதவர் வீட்டுக்கு ஒரு நாட்டு நாய்: காப்பகத்தில் எடுத்துப் பழக்குவது எப்படி?

வீட்டில் ஒலி கேட்டதும் காது கேளாதவரைத் தொட்டுச் சொல்ல நாய் பழக்கலாம் என்றதும் பலர் லாப்ரடார் குட்டிக்கு விலை விசாரிக்கிறார்கள். அவசியமே இல்லை. அமெரிக்காவில் ஒரேகன் மாநிலத்தில் 1977-ல் தொடங்கிய 'டாக்ஸ் ஃபார் தி டெஃப்' அமைப்பு, காப்பகத்து நாய்களை எடுத்துத்தான் இந்த வேலைக்குப் பழக்கியது. சென்னையில் நான் பழக்குவதும் நாட்டு நாய்களைத்தான். காலிங் பெல், குக்கர் விசில், குழந்தை அழுகை எல்லாவற்றையும் அருமையாகப் பிடித்துக்கொள்கின்றன. சக்கர நாற்காலி இழுப்பது, ஆளைத் தாங்குவது மட்டும் வேண்டாம். 15, 20 கிலோ உடம்பு அதற்குத் தாங்காது.

இந்த வேலையில் நாயை ஏவ ஆள் கிடையாது. மணி அடிப்பதே வீட்டுக்காரருக்குக் கேட்காதபோது, 'போய்ப் பார்' என்று யார் சொல்வது? நாய் தானாக எழுந்து வர வேண்டும். அடிபட்டு வளர்ந்த நாய் தானாக எதுவும் செய்யாது, எதற்கு உதை விழுமோ என்று ஒடுங்கிக் கிடக்கும். அதனால் அதட்டலும் சங்கிலியைச் சுண்டி இழுப்பதும் கூடவே கூடாது.

1 முதல் 3 வயதுக்குள் எடுங்கள். குட்டியில் குணம் தெரியாது. காப்பகத்தில் நாய்க்குப் பத்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். இப்போது என்னிடம் இருக்கும் செவலை, தட்டு விழுந்ததும் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பின்னங்கால்கள் ஓடத் தயாராக நிற்க, கழுத்தை மட்டும் நீட்டித் தட்டின் விளிம்பை முகர்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இப்படிப்பட்ட நாய்தான் வேண்டும். மூலையை விட்டு வராததும் காதையே திருப்பாததும் நல்ல வீட்டு நாயாக இருக்கலாம், இந்த வேலைக்கு ஆகாது. தடுப்பூசி, கருத்தடை, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, வீடு பழகும்வரை சும்மா விடுங்கள்.

முதல் பாடம் தொடுவது. குரைப்பதால் இங்கே பயனில்லை. காது கேளாதவர் உள்ளங்கையை முழங்காலருகே காட்டட்டும். நாய் மூக்கால் தொட்ட கணமே கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை அவரே கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்தால் நாய் உங்களிடம்தான் ஓடி வரும். பிறகு கையை எடுத்துவிட்டு முழங்காலையே தொடப் பழக்குங்கள். ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும்.

அடுத்தது ஒலி. காலிங் பெல் சத்தத்தை போனில் பதிவு செய்து, மெல்லிதாக ஒலிக்கவிட்டு உடனே தீனி கொடுங்கள். மணி கேட்டதும் நாய் ஆவலாகத் திரும்பினால், அடுத்த முறை அவர் முழங்காலைக் காட்டட்டும். தொட்டதும் அவர் 'எங்கே?' என்று கையை விரித்துக் கேட்டு, நாயோடு கதவுவரை நடந்து, அங்கே தீனி கொடுக்க வேண்டும். ஒலி, தொடுதல், கூட்டிப்போவது என்ற வரிசை பிடிபட்ட பிறகு நிஜ மணிக்கு மாறுங்கள். அடுத்த அறை, அவர் தூங்கும் நேரம் என்று மெல்ல மெல்லக் கடினமாக்குங்கள். தீபாவளி வெடிச் சத்தம் ஓயும்வரை புதிய ஒலி எதையும் தொடங்க வேண்டாம்.

புகை அலாரத்துக்கு மட்டும் பாடம் வேறு. நாய் அவரை நெருப்பிடம் அழைத்துப் போகக் கூடாதல்லவா? தொட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட வேண்டும். படுத்தால் ஆபத்து, வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். இதற்கு மற்ற ஒலிகளைவிட அதிக நாள் ஒதுக்குங்கள்.

நாய் வீட்டோடு பழகிய பிறகும் வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டாரை மணி அடிக்கச் சொல்லி, தீனியோடு பழக்குங்கள். பல வீடுகளில் தீனியை நிறுத்தியதால்தான் வேலையும் நிற்கிறது. ஒலியே இல்லாமல் தீனிக்காக வந்து முழங்காலைத் தொட்டால் திட்டாதீர்கள். தீனி கொடுக்காமல் கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள்.