'அப்பா வரட்டும்': பட்டாளத்து வீட்டில் பிள்ளை வளர்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. அதில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து வருடம் தேறும். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நாலு. எங்கள் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி மிலிட்டரி கிராமம் என்றே பெயர் எடுத்த ஊர் உண்டு. அங்கே அப்பா வெளியூரில் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் அதிசயம் இல்லை. ஆனால் என் மாமியார் ஊரில் எங்கள் தெருவுக்கே ஒரே மிலிட்டரி வீடு எங்களுடையதுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால், தவறுகளை எல்லாம் நானே செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. முழுதும் கிடைத்தாலே, அவர் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்கில் இருக்கும் காலத்தில் குழந்தை அப்பாவைப் பார்ப்பது வருடத்துக்கு மூன்று மாதம். மிச்சம் ஒன்பது மாதமும் வீட்டில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கும்: "அப்பா வரட்டும்." சேட்டை செய்தால் அப்பா வரட்டும். காது குத்த வேண்டுமா, அப்பா வரட்டும். சைக்கிள் வேண்டுமா, பள்ளிக்கூடம் மாற்ற வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அப்பா வரட்டும். நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

முதலில் மிரட்டல். "அப்பா வரட்டும், எல்லாத்தையும் சொல்றேன்" என்று சொல்லாத அம்மா எந்த ஊரிலும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பும் அப்பாவின் பெயரைச் சொல்லி மிரட்டினால், ராத்திரிக்குள் அந்தப் பயம் தீர்ந்துவிடும். எட்டு மாதம் கழித்து வருகிறவரின் பெயரைச் சொன்னால் அது எட்டு மாதமும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் அவர் டிரங்குப் பெட்டியோடு வந்து நிற்கும்போது, குழந்தை முன்னால் நிற்பது அப்பா இல்லை, தீர்ப்பு. அடம் பிடித்தால் அந்த நிமிடமே நாமே கண்டித்து, அந்த நிமிடமே முடித்துவிட வேண்டும். போனில் அவரிடம் புகார் வாசிப்பதும் இதில்தான் சேரும். சிக்னல் கிடைக்கும் பத்து நிமிடத்தில் "உன் பையன் என்ன செஞ்சான் தெரியுமா" என்று ஆரம்பித்தால், அவரும் அங்கிருந்து அதட்ட மட்டும்தான் முடியும்.

விடியற்காலையில் தப்பித்துப் போவது

லீவு முடிந்து கிளம்பும் நாளில் குழந்தை அழும் என்று, அது தூங்கும்போது நாலு மணிக்கே பின்வாசல் வழியாகப் போய்விடுவது எங்கள் வீட்டிலும் நடந்தது. மகனுக்கு அப்போது இரண்டரை வயது. எழுந்தவன் ஒவ்வொரு அறையாகப் போனான், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான், அப்புறம் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டான். அழவில்லை. ஆனால் அடுத்த மூன்று வாரம் என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஆள் காணாமல் போகிறார் என்று அவனுக்கு நாங்கள்தானே காட்டிக்கொடுத்தோம்.

அழட்டும். வாசலில் நின்று, கையாட்டி, ஆட்டோ திரும்பும் வரை பார்த்து அழுதால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு முந்தின நாள் சொன்னால் போதும். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள் முன்னால். இப்போது அவர் பெட்டி அடுக்கும்போது மகளும் கூட உட்கார்ந்து அடுக்குகிறாள். போன தடவை தன் ஒற்றைக் கொலுசை சாக்ஸுக்குள் வைத்து அனுப்பிவிட்டாள். இன்னொன்றை நான் கழற்றி வைத்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு: வரும் தேதியை முன்கூட்டியே சொல்லி காலண்டரில் வட்டம் போடுவது. லீவு பாஸ் ஆன அப்புறமும் ரத்தாகும், தள்ளிப் போகும். பெரியவர்களே தாங்க முடியாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் விஷயம் அது. நான் இப்போது ஒரே விதி வைத்திருக்கிறேன்: ரயில் ஏறிவிட்டேன் என்று அவர் போன் செய்த அப்புறம்தான் பிள்ளைகளுக்குச் செய்தி. ஜம்முவில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காட்பாடி வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். சின்னப் பிள்ளை எண்ணிப் பார்க்க அந்த இரண்டு ராத்திரி தாராளம். டெல்லி வந்தாச்சு, நாக்பூர் தாண்டியாச்சு என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

வந்தவுடன் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது

மகன் இரண்டு வயதை நெருங்கும்போது அவர் ஏழு மாதம் கழித்து வந்தார். தினமும் போனில் பார்த்த முகம்தான், ஆனாலும் தள்ளியே நின்றான். பொம்மையை வாங்கிக்கொண்டான், சாக்லேட்டைச் சாப்பிட்டான், கூப்பிட்டால் மட்டும் என் பின்னால் ஒளிந்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வாசலுக்குப் போய் அவருடைய செருப்பு இரண்டையும் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தான். விருந்தாளிகள் கிளம்பும்போது செருப்பை எடுத்து வைப்பது அவன் வழக்கம். நேரமாச்சு, கிளம்பு என்கிறான் மரியாதையாக! நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்ச நேரம் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு நாங்கள் செய்த தவறு, "அப்பாடா, அப்பாகிட்ட போ, முத்தம் குடு" என்று வீடே கூடி அவனைத் தள்ளியது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பழக நாலு நாளோ பத்து நாளோ ஆகத்தான் செய்யும். தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, கடைக்குக் கூட்டிப் போவது என்று தினம் ஒரு வேலையை அவர் கையில் கொடுத்துவிட்டால் தானாக ஒட்டும்.

இங்கேதான் நம் பக்கத்துத் தவறு ஒன்று வருகிறது. ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் வெட்கம். அவர் இட்லியைப் பிசைந்து ஊட்டினால் "இப்படியா ஊட்டுவாங்க, தள்ளுங்க" என்று பிடுங்கிக்கொள்வோம். ஒன்பது மாதம் தனியாக நடத்திய வீடு, விட்டுக்கொடுக்க மனசு வராது. சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். அவர் தப்பும் தவறுமாகச் செய்யும் நாலு நாள்தான் குழந்தையும் அவரும் பழகும் நாலு நாள்.

அவர்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது. இரண்டு மாத லீவில் ஒன்பது மாத ஒழுங்கையும் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் காலை ஐந்தரைக்கு விசில் ஊதாத குறையாக எழுப்புவார்கள். சிலர் நேர்மாறு. கேன்டீனிலிருந்து வந்த பைகளைக் கொட்டி, கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்து, ராத்திரி பதினொரு மணி வரை விழிக்கவிட்டு, ரயில் ஏறிவிடுவார்கள். அப்புறம் வீட்டில் வில்லி நாம்தான். லீவு ஆரம்பித்த முதல் ராத்திரியே இரண்டு பேரும் உட்கார்ந்து, தூங்கும் நேரம், போன், இனிப்பு என்ற மூன்றை மட்டுமாவது பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை"

இதைச் சொல்லாத பெரியவர்கள் கிடையாது. தாத்தா சொல்வார், மாமா சொல்வார், ரயிலடியில் வழியனுப்ப வந்த தெரியாதவர்கூடச் சொல்வார். ஐந்து வயதுப் பையனின் தோளைத் தட்டி, "அம்மாவையும் பாப்பாவையும் பத்திரமா பாத்துக்கணும்" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். மகளுக்குச் சில மாதம் ஆகியிருந்த சமயம் அது. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள், முன்வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மகன் முக்காலியைப் போட்டு ஏறி, மேல் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால், தினமும் பார்க்கிறானாம். திருடன் வந்தால் தான்தானே அடிக்க வேண்டும் என்றான்.

அன்றிலிருந்து யார் அப்படிச் சொன்னாலும், அவன் எதிரிலேயே, "அவனை நான் பாத்துக்குவேன், அவன் விளையாடட்டும்" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சரி, சுளிக்கட்டும்.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பிள்ளைக்கு நேராகச் சொல்லாமல் விடுவதும் பயத்தைத்தான் வளர்க்கும். "அப்பா பார்டர்ல சண்டை போடுறார்" என்று ஊரே சொல்லிக்கொடுக்கிறது. ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார், வண்டி ரிப்பேர் பார்க்கிறவர், சமைக்கிறவர், கணக்கு எழுதுகிறவர், வயர்லெஸ் பார்க்கிறவர் இருக்கிறார். என் வீட்டுக்காரர் வண்டி மெக்கானிக். கை முழுக்க கிரீஸ் ஆகும், குளிரில் இன்ஜின் கிளம்பாது, அப்பாதான் கிளப்புவார் என்று சொன்னதும் மகன் கேட்ட கேள்விகள் எல்லாம் இன்ஜினைப் பற்றித்தான்.

பதற்றமான நாட்களில் டிவியை ஓடவிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன், 2025 மே வரைக்கும். இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த அந்த நாட்களில், ஏழாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி சண்டை நிறுத்தம் வரை செய்தி சேனல்கள் போட்ட சைரன் சத்தத்தில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். நிகழ்ச்சிகளில் அந்தச் சைரன் ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசே சேனல்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு வந்த வீடியோக்களில் எது உண்மை, எது பழைய படம் என்று எனக்கே தெரியவில்லை. டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய அப்புறம் ஒரே ஒரு தடவை செய்தி படித்தேன்.

போன் ஸ்டேட்டஸிலும் கவனம் வேண்டும். யூனிட் எங்கே போகிறது, எந்த ரயில், எந்த ஊர் என்று பிள்ளையின் போட்டோவோடு போட்டுவிடுகிறோம். 2020இல் முகநூல், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டதே இந்த மாதிரிக் கசிவுகளுக்குப் பயந்துதான். அவர் நீக்கிவிட்டு நாம் போட்டால் என்ன பிரயோஜனம்?

தள்ளிப்போடும் காகிதங்கள்

அப்பா வரட்டும் என்று தள்ளிப்போடுவதில் பணமும் போகும், வருடமும் போகும். குழந்தை பிறந்ததை யூனிட் ஆபீஸில் தெரிவித்து, அதை ராணுவப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் வெளியிட வைக்க வேண்டும். அது வரும் வரை ராணுவக் கணக்கில் நம் பிள்ளை பிறக்கவே இல்லை. படிப்பு உதவித்தொகை, ராணுவ ஆஸ்பத்திரி என்று எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டில் 'செந்தில் குமார்' என்று இடைவெளி விட்டு இருக்கும், பிறப்புச் சான்றிதழில் 'செந்தில்குமார்' என்று சேர்த்து அடித்திருப்பார்கள். இன்னொரு காகிதத்தில் இனிஷியல் முன்னால், வேறொன்றில் பின்னால். ஒரு எழுத்துக்காகத் தாலுகா ஆபீஸுக்கும் நோட்டரிக்கும் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. பதியும் முன் அவருடைய ஐடி கார்டில் இருக்கும் எழுத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்துப் பதியுங்கள்; கார்டையே போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்.

படிப்பு உதவித்தொகை 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. வருடத்துக்கு 33,750. மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு, நர்சரியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. ஸ்கூல் கொடுக்கும் சான்றிதழை வருடக் கடைசியில் வாங்கி அனுப்பாமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர்.

பள்ளியில் வயது இன்னொரு சிக்கல். கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் ஐந்து முடிந்ததும் சேர்த்துவிடுகிறோம். பின்னால் அவருக்கு பீஸ் போஸ்டிங் கிடைத்து குடும்பத்தோடு போகும்போது, வயது வரம்பில் இடித்து ஒரு வகுப்பு பின்னால் உட்கார வேண்டியதாகிவிடும். நாளைக்கு அங்கே போகும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே கணக்குப் போட்டுச் சேருங்கள்.

ஊர் மாறும்போது தடுப்பூசி அட்டை லாரியில் போகும் பெட்டிக்குள் போய்விடக் கூடாது, கைப்பையில் இருக்கட்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியதும், ஐந்து ஆறு வயதில் போட வேண்டிய பூஸ்டரும்தான் இந்த மாறுதலில் விட்டுப்போகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி சில மாவட்டங்களில் மட்டும் உண்டு. புது ஊரில் எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவ அறைக்கு, முதல் தடவை போகும்போதே கேட்டுவிடலாம்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆறு மாதத்தில் இந்தி சரளமாக வந்துவிடும், அதைச் சொல்லிக்கொடுக்க நாம் மெனக்கெட வேண்டாம். மெனக்கெட வேண்டியது தமிழுக்கு. வீட்டிலும் இந்தியே போதும் என்று விட்டதால், ஊருக்கு வந்தபோது பாட்டி கேட்டதற்கு மகன் "க்யா?" என்றான். மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் ராத்திரிக் கதை தமிழில் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவர் அவற்றில் ஒன்றை வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவார். சிக்னல் இல்லாத வாரத்திலும் அது ஓடும்.

இந்தத் தடவை அவருக்கு லீவு பாஸாகிவிட்டது, அடுத்த மாதம் என்கிறார். மகள் நேற்றுக்கூடக் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் ரயில் ஏறட்டும்.